நாலாவது தோள்

பூவராகவன் மூன்றாவது தடவையாக வாசலில் வந்து நின்றபோது, தேவராஜன் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து மூங்கிலின் குறுக்கே கழிகளை வைத்துக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தான். பாடை கட்டிப் பழக்கமில்லாத கை. ஒரு முடிச்சை இறுக்கினால் அடுத்தது அவிழ்ந்தது.

"என்னடா தேவு, எப்ப எடுக்கறேள்?"

"கட்டிண்டிருக்கேன் மாமா."

"மணி எட்டரை. ஜனம் குளத்துல முழுகிட்டு ஈரத்துணியோட வந்து கோயில் வாசல்ல நிக்கறது. உள்ள கதவைச் சாத்திண்டு உக்காந்திருக்கோம். நீங்க எடுத்தாத்தான் மடைப்பள்ளியில அடுப்பு மூட்ட முடியும்."

பூவராகவன் கோயில் காரியங்களை மேற்பார்வை பார்ப்பவர். வாசற்படியில் கால் பட்டுவிடாமல், வேஷ்டியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெரு நடுவில் நின்றபடியே பேசினார். சாவு வீட்டுக் காற்று பட்டாலே தீட்டு என்பதுபோல் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்.

அன்று தை அமாவாசை. பள்ளிப்பட்டிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் வந்த கூட்டம் முந்தின நாளே திருவள்ளூரை நிறைத்துவிட்டது. அப்படிப்பட்ட நாளில், விடியற்காலை ஐந்தரைக்கு, கோயிலைச் சுற்றின தெருவிலேயே ஸம்பத்குமார் செத்துப்போனார். தெருவில் பிணம் கிடக்கும்வரை பெருமாளுக்குத் தளிகை கிடையாது. அவர் பசித்திருக்க வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான ஜனங்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

வருஷத்தில் முன்னூற்று அறுபத்தைந்து நாள் இருக்க, சாவதற்கு இந்த நாளைப் பொறுக்கி எடுத்த மனுஷனை என்னவென்று சொல்வது? தேவராஜனுக்கு வயிறு எரிந்தது. செத்தவர் அவனுடைய அக்கா அரவிந்தவல்லியின் புருஷன். அத்திம்பேர் செத்த துக்கம் அவனுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் துக்கத்துக்கு முன்னால் எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டது.

காரணம் இருந்தது. மடைப்பள்ளியிலிருந்து தளிகைப் பாத்திரத்தைச் சந்நிதிக்குச் சுமந்து போகிற கைங்கரியம் அவர்கள் குடும்பத்துடையது. ஏழு பங்காளிகளுக்குள் முறை சுற்றிவரும். தை அமாவாசை ஒருவன் பங்குக்கு ஏழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் விழும். போன தடவை அறுபத்தாறில் அப்பா இருந்தார். இந்த எழுபத்துமூன்றாம் வருஷம் அவனுக்கு முதல் முறை. கரை போட்ட வேஷ்டியைக் கூட மடித்து எடுத்து வைத்திருந்தான். பூவராகவன் காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மச்சினனுக்குத் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டால் போதும், கைங்கரியத்துக்கு வந்துவிடலாம். ஆனால் பாடைக்குத் தோள் கொடுத்தால் மூன்று நாள் கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது.

ஆகவே தேவராஜன் பாடை கட்டுவான். தூக்க மாட்டான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஸம்பத்குமாரைப் பற்றித் தெருவில் ஒரே அபிப்பிராயம்தான். வேலையற்ற வேலை பார்ப்பவர். பட்டாபிராமுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தார். கல்யாணமான மறுவருஷம் பம்பாயிலிருந்து தபாலில் பாடங்கள் வரவழைத்தார். ஜப்பான் தேசத்து மல்யுத்தம். ஆயுதமில்லாமல் தற்காத்துக்கொள்வது எப்படி, நோயில்லாமல் நீண்ட நாள் வாழ்வது எப்படி என்று முப்பத்தாறு பாடம். பாடத்துக்குப் பாடம் ஒரு படம் இருக்கும். ஒரு மீசைக்காரன் இன்னொரு மீசைக்காரனைத் தூக்கிப் போடுவான். இந்த அக்ரஹாரத்தில் தூக்கிப் போட்டுப் பழக ஆள் எங்கே கிடைக்கும்? அதனால் ஸம்பத்குமார் தானே விழுந்தார்.

கொல்லையில் அரவிந்தவல்லியின் சீர் மெத்தையை விரித்துப் போட்டுக்கொண்டு முன்னால் விழுவார். பின்னால் விழுவார். பக்கவாட்டில் உருண்டு விழுவார். விழும்போது உள்ளங்கையால் தரையைப் படாரென்று அடிப்பார். விடியற்காலை நாலரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்டுத்தான் அடுத்த வீட்டுப் பசுவே எழுந்திருக்கும். "ஸம்பத் விழுந்தாச்சு, பாலைக் கறக்கலாம்" என்பார்கள் அந்த வீட்டில். அதற்கப்புறம் அரை மணி நேரம் மூச்சை இழுத்து இழுத்து விடுவார். இருபத்திரண்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் விழுந்தார். இன்றைக்கும் விழுந்து எழுந்து, மூச்சுப் பயிற்சியை முடித்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

"உடம்பை வளைச்சு வளைச்சே போயிட்டான்" என்றார்கள் தெருவில். தெருவில் வேறு யார் செத்தாலும் திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்பது வழக்கம். நாற்பத்தொன்பது வயதில் கொல்லையில் விழுந்து செத்தவருக்கு அவ்வளவு நீளமான வார்த்தை செலவழிக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

தேவராஜனுக்குப் பொறுக்காதது ஒன்றுதான். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் ஒருத்தனையாவது அடித்ததுண்டா? ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊத்துக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார்கள். நாலு பேர் வந்து தேவராஜனின் குடுமியைப் பிடித்து இழுத்தார்கள். பூணூலைக் காட்டு என்றார்கள். இப்போது பார் வேடிக்கையை என்று தேவராஜன் அத்திம்பேரைத் திரும்பிப் பார்த்தான். ஸம்பத்குமார் குடுமியைப் பிடித்திருந்தவனின் கட்டைவிரலை எப்படியோ திருப்பி விடுவித்தார். மறு நிமிஷம் தேவராஜனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆமாம், ஓட்டம்தான். சந்தைக்குள் புகுந்து, காய்கறிக் கூடைகளைத் தாண்டி, ஆந்திரா பக்கம் போகிற லாரியில் தொற்றி ஏறும்வரை ஓட்டம்.

"பதினாறு வருஷம் கத்துண்டது இதுக்குத்தானா அத்திம்பேர்?"

"ஓடறது ஒன்பதாவது பாடம்டா" என்றார் மூச்சு வாங்காமல்.

அந்தக் கதையைத் தேவராஜன் தெரு முழுக்கச் சொன்னான். ஒன்பதாவது பாடம் என்று சொன்னாலே சிரிப்பார்கள். நாலு பேரில் ஒருத்தன் கையில் சைக்கிள் செயின் சுற்றியிருந்ததை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கதையில் சிரிப்பு போய்விடும்.

இப்போது கூடத்தில் அந்த உடம்பு தெற்கே தலைவைத்துக் கிடந்தது. செத்த பிறகும் விறைப்பான தோள். தலைமாட்டில் அரவிந்தவல்லி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அதுவும் தெருப் பெண்டுகளுக்குப் பிடிக்கவில்லை. குழந்தை இல்லாத தம்பதி. கொள்ளி வைக்க வேண்டியவர் செத்தவரின் தம்பி ராமஸ்வாமி. அவர் நெருப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யாராவது ஏதாவது சொன்னால் செய்யலாம் என்று தூணில் சாய்ந்திருந்தார். அந்த மனுஷர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் சாய்ந்திருக்கிறார்.

சட்டி எடுக்கிறவர் தோள் கொடுக்க முடியாது. ஆக, நாலு தோள் வேண்டும். தெருவில் முப்பது வீடு. ஒருத்தருக்குக் குடை பிடிக்கிற முறை. ஒருத்தருக்குப் பாசுரம் சொல்கிற முறை. முறை எதுவும் இல்லாத இரண்டு பேரில் ஒருவருக்கு இன்று காலையில் குடலிறக்கம் வந்துவிட்டது. இன்னொருவர் வீட்டில் கதவைத் தட்டினால், அவர் காலை முதல் வண்டியில் பட்டணம் போய்விட்டதாக அவருடைய குரலைப் போலவே இருந்த ஒரு குரல் உள்ளேயிருந்து சொன்னது. காஞ்சிபுரத்து உறவுகளுக்குத் தந்தி அடித்தாகிவிட்டது. அமாவாசைக் கூட்டத்தில் அவர்கள் வந்து சேரச் சாயங்காலமாகும்.

இவர்களில் பாதிப்பேர் வீட்டுச் சாவுக்கு ஸம்பத்குமார் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் தோள் கொடுத்திருக்கிறார். "விழுந்து எழுந்து வளர்த்த உடம்பு, இதுக்காவது உபயோகப்படறதே" என்று அப்போதும் சிரித்தவர்கள்தான். தேவராஜனும் சிரித்தான்.

ஒன்பதரை மணிக்கு மூன்று பேர் தெருமுனையிலிருந்து விசாரித்துக்கொண்டு வந்தார்கள். காக்கி உடுப்பில் எண்ணெய்க் கறை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். நடுவில் வந்தவன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. ஈரத்துணிக் கூட்டத்துக்குள் இவர்கள் எண்ணெயும் இரும்புமாக மணத்தார்கள். தேவராஜனுக்கு முகம் சுருங்கியது.

"ஐயரே, ஸ்டோர் சார் ஊடு இதானே?"

"ஐயர் இல்லே. என்ன வேணும்?"

"சாரைப் பாக்க வந்தோம். செவ்வாப்பேட்டை டேசன்ல வண்டிக்கு நின்னுக்கினு இருந்தோம், சேதி சொன்னாங்கோ. வேலைக்குப் போவாம அப்படியே எதிர் வண்டி புடிச்சி வந்துட்டோம்" என்றான் சிலுவைக்காரன். "நான் பாக்கியநாதன். மோல்டிங்ல, அச்சு வார்க்கிற எடத்துல கீறேன். இவரு குப்புராஜு, எலெக்ட்ரிசியன். இவன் கோபாலு."

"இங்கேருந்தே பாத்துட்டுக் கிளம்புங்கோ. நாழியாறது."

"உள்ள வரச் சொல்லு தேவு" என்றாள் அரவிந்தவல்லி கூடத்திலிருந்து.

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். உடம்பின் கால்மாட்டில் வரிசையாக நின்றார்கள். கையைத் தொடையோடு ஒட்டிவைத்து, இடுப்பை வளைத்து, ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்ந்தார்கள். பம்பாய்ப் பாடத்தின் முதல் பக்கத்தில் மீசைக்காரர்கள் இப்படித்தான் ஒருவரையொருவர் வணங்குவார்கள். பாடை கட்டுகிற நேரத்திலும் தேவராஜனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

"உங்களுக்கும் விழத்தான் கத்துக் குடுத்தாராக்கும்?"

குத்தலாகத்தான் கேட்டான். கோபால் அதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமாங்க. மூணு வருசம். மத்தியானம் பெல் அடிச்சதும் ஷெட்டுக்குப் பின்னால மோல்டிங் மண்ணு கொட்டி வச்சிருப்பாங்கோ, அது மேல."

"மூணு வருஷமும் விழறதேதானா?"

"நாங்களும் சிரிச்சோம்" என்றார் குப்புராஜ். நரைத்த தலை, அவர்தான் மூவரிலும் வயசாளி. "அடிக்கச் சொல்லிக் குடுன்னா வுழச் சொல்லிக் குடுக்கிறியே இன்னா சாருன்னு கேட்டேன். கம்பெனியில உன்னை எவன்டா அடிக்கப் போறான், நீயாத்தான்டா வுழுவேன்னாரு."

"அப்படியே ஆச்சு" என்றான் கோபால். "போன ஆடி மாசம் கிரேன் மேடையில காலு வழுக்கிடுச்சி. பன்னண்டு அடி. கீழ சிமெண்டுத் தரை. மோவாயை நெஞ்சுல ஒட்டிக்கினு எப்படிச் சுருண்டேன், எப்பக் கையைத் தட்டுனேன், எனக்கே தெரியாதுங்க. முழங்கையில தோலு போச்சு. எழுந்து நின்னேன்."

"அதுக்கு முந்தின வருசம் அதே எடத்துல இருந்து எங்க மச்சான் வுழுந்தாரு" என்றான் பாக்கியநாதன். "அவருக்கு இதெல்லாம் சிரிப்பு. வரவே மாட்டேன்னுட்டாரு. இன்னும் பாயில தான் கீறாரு. நான்தான் தூக்கி உக்கார வைக்கிறேன்."

அரவிந்தவல்லி புருஷனின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விசிறியால் ஓட்டினாள். அதிர்ஷ்டக்காரப் பயல் பிழைத்திருக்கிறான், அதற்கு வித்தை என்று பேர் வைக்கிறான் என்று தேவராஜன் நினைத்துக்கொண்டான். நினைத்தது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. முடிச்சை மறுபடி இறுக்கப் போனான்.

நாலாவது தடவை பூவராகவன் வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"தேவு, வழி பண்ணிட்டேன். முனிசிபாலிட்டி தள்ளுவண்டிக்கு ஆள் அனுப்பியிருக்கேன். கொல்லைப் பக்கமா எடுத்துடலாம். அந்தச் சந்துல ஜனம் கிடையாது. ஒருத்தர் கண்ணுலயும் படாது. நீயும் ஒரு முழுக்குப் போட்டுட்டுப் பத்தரைக்கு மடைப்பள்ளிக்கு வந்துடலாம்."

"சரி மாமா" என்றான் தேவராஜன். மனசில் இருந்த பாரம் இறங்கியது. அந்த வண்டி எதற்கு ஓடுகிறது என்பது அவனுக்குத் தெரியும். ரயிலடியில் கேட்பாரற்றுச் செத்துக் கிடப்பவர்களை அள்ளிப் போக ஓடுகிறது. இல்லாத நாளில் குப்பை அள்ளுகிறது. தெரிந்துதான் சரி என்றான். சொல்லி முடித்த பிறகுதான் நிலைப்படியில் அக்கா நிற்பதைப் பார்த்தான்.

அரவிந்தவல்லி அவனைத் தாண்டி நடந்தாள். வாசலுக்கே போனாள். புருஷன் செத்த அன்று பெண் பிள்ளை வாசலில் வந்து நின்று ஆண்பிள்ளையிடம் பேசுவது அந்தத் தெருவில் இல்லாத வழக்கம்.

"மாமா, உங்க அப்பாவை யார் தூக்கினா?"

பூவராகவன் வேஷ்டியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

"ஐப்பசி மழை. முழங்கால் சேறு. மூணு பேர் தோள் மாத்திண்டா. இவர் ஆத்தங்கரை வரைக்கும் மாத்தலே. ஆத்துக்குத் திரும்பி வந்து ரெண்டு நாள் சட்டை போட முடியாம இருந்தார். நான்தான் எண்ணெய் தடவினேன். அவரையா குப்பை வண்டியில கொல்லை வழியா அனுப்பச் சொல்றேள்?"

"கோபத்துல பேசறே. பெருமாள் பட்டினி கிடக்கறார்மா."

"கிடக்கட்டும். இவர் இருந்திருந்தா ஓடிப்போய்த் தோள் குடுத்துப் பெருமாளுக்குச் சோறு கிடைக்கப் பண்ணியிருப்பார்."

தெருவில் ஈரத்துணியோடு போய்க்கொண்டிருந்த இரண்டு கிராமத்துப் பெண்கள் நின்று பார்த்தார்கள். பூவராகவன் குரலைத் தாழ்த்தினார்.

"நான் ஒண்ணு சொன்னாக் கோச்சுக்காதே. ஒழுங்கா ராமா கிருஷ்ணான்னு இருந்தவனா அவன்? ஊர் சிரிக்கக் குட்டிக்கரணம் போட்டுண்டு, நோயில்லாம வாழறேன் பார்னு சொல்லிண்டு... என்ன ஆச்சு? ஐம்பது கூட முடியலே."

அரவிந்தவல்லி சிரித்தாள். அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

"எனக்குக் கல்யாணம் ஆன அன்னிக்கு ராத்திரி அவருக்குப் படுக்க முடியலே. இழுப்பு. விடிய விடிய உக்காந்துண்டே மூச்சுக்குப் போராடினார். மறைச்சுக் கட்டி வச்சா. ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு டாக்டர் கையை விரிச்சப்போதான் அந்தத் தபால் பாடத்தை எழுதிப் போட்டார். நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் ராத்திரி முழுசும் படுத்துண்டு தூங்கினார். நான் முழிச்சுண்டு பாத்துண்டே இருந்தேன். இருபத்திரண்டு வருஷம் இருந்தார் மாமா. டாக்டர் சொன்னது ரெண்டு."

தேவராஜன் மூங்கிலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். இந்த வீட்டில் அவன் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து சாப்பிட்டிருக்கிறான், தூங்கியிருக்கிறான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வார்த்தை அவன் காதுக்கு எட்டவில்லை. அவளுக்கு இப்படிப்பட்ட புருஷன் வாய்த்தானே என்று அவன் தெருவில் பரிதாபப்பட்டபோதெல்லாம் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"தேவு" என்றாள் அவள் திரும்பாமலே. "அவா மூணு பேரையும் கேளு. தூக்குவாளான்னு."

கேட்கத் தேவையிருக்கவில்லை. பாக்கியநாதன் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிவிட்டு, தோளில் போட்டுக்கொள்ளத் துண்டை மடித்துக்கொண்டிருந்தான்.

"அதுக்குத்தான் வந்தோம்மா. கேக்கத்தான் பயமா இருந்துச்சி."

பூவராகவன் தெரு நடுவில் இரண்டடி பின்னால் போனார். "என்ன அக்கிரமம் இது? வேத்து ஜாதி! அதுல ஒருத்தன் கிறிஸ்தவன்! அக்ரஹாரத்துப் பிணத்தை இவா தொட்டுத் தூக்கிண்டு, கோயில் வாசல் வழியா! ராமஸ்வாமி, நீ பேச மாட்டியா?"

ராமஸ்வாமி தூணிலிருந்து முதுகை எடுத்தார். எடுத்ததே பெரிய காரியம். "மன்னி சொல்றபடி" என்றார்.

"அப்ப நீங்க தூக்குங்கோ மாமா" என்றாள் அரவிந்தவல்லி. "நீங்க வாங்கோ. உங்காத்துப் பெரிய பிள்ளையைக் கூப்பிடுங்கோ. கதவைச் சாத்திண்டிருக்காளே அந்தாத்து மனுஷாளையும் கூப்பிடுங்கோ. இவாளை அனுப்பிடறேன்."

பூவராகவன் தெருக்கோடியைத் திரும்பிப் பார்த்தார். கோயில் பக்கத்திலிருந்து கூட்டத்தின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது. யாரோ கோவிந்தா என்று கத்த, நூறு குரல் சேர்ந்து கத்தியது. அவர் கணக்குப் போட்டார். அது முகத்திலேயே தெரிந்தது.

"சரி. காலம் கெட்டுப்போச்சு. ஆனா ஒரு தோளாவது நம்ம மனுஷாளா இருக்கணும். இல்லேன்னா வாத்தியார் மந்திரம் சொல்ல மாட்டார். நான் சொன்னாலும் சொல்ல மாட்டார். மூணு பேர்தானே இருக்கா? நாலாவது யார்?"

எல்லோரும் தேவராஜனைப் பார்த்தார்கள். பூவராகவன் பார்த்தார், ராமஸ்வாமி பார்த்தார், அந்த மூன்று பேரும் பார்த்தார்கள். அரவிந்தவல்லி மட்டும் பார்க்கவில்லை. கூடத்துக்குள் திரும்பிப் போய்ப் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவள் திரும்பி ஒரு தடவை பார்த்திருந்தால் அவன் ஏதாவது காரணம் சொல்லியிருப்பான். முதுகுப் பிடிப்பு என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கு நிஜமாகவே முதுகுப் பிடிப்பு உண்டு. அப்பா இல்லாமல் வருகிற முதல் முறை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் நிஜம்தான்.

அடுத்த முறை எண்பதாம் வருஷம்.

அவன் அங்கவஸ்திரத்தை எடுத்து நாலாக மடித்து வலது தோளில் போட்டுக்கொண்டான். பூவராகவன் அதைப் பார்த்தார். திரும்பி வேகமாக நடந்தார். அடுத்த பங்காளி வீட்டுக் கதவை அவர் தட்டுவதும், அது உடனே திறப்பதும் கேட்டன. காலையிலிருந்து அந்தத் தெருவில் தட்டினதும் திறந்த முதல் கதவு அதுதான். உள்ளே ஆள் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, தயாராக நின்றிருக்க வேண்டும்.

வாத்தியார் மந்திரங்களை அவசர அவசரமாக முடித்தார். உடம்பைப் பாடையில் கிடத்தினார்கள். தேவராஜன் கட்டின முடிச்சுகளைப் பாக்கியநாதன் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். மூன்றை அவிழ்த்துப் புதிதாகக் கட்டினான். அதைக் குற்றமாகச் சொல்லாமல், கட்டிக்கொண்டே பேசினான்.

"நீங்க முன்னால இடது பக்கம் நில்லுங்க சாமி. நான் உங்களுக்குப் பின்னால. கோபாலும் குப்புராஜண்ணனும் அந்தப் பக்கம். முதுகை வளைச்சித் தூக்காதீங்க. முட்டியை மடக்கிக் குந்துங்க. மூச்சை உள்ள இழுத்துக்கினு, காலால எழுந்துருங்க. சாரு சொல்லிக் குடுத்தது இது."

தேவராஜனுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் கேட்டதும் இல்லை. குந்தினான், மூச்சை இழுத்தான், எழுந்தான். நாலு பேரும் ஒன்றாக எழுந்தார்கள். பாடை கொஞ்சம்கூடச் சாயவில்லை.

ராமஸ்வாமி நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தார். வாசற்படியைத் தாண்டும்போது உள்ளே அரவிந்தவல்லியின் அழுகை முதல் தடவையாகக் கேட்டது. தெருவில் இறங்கினார்கள். ஈரத்துணிக் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. செத்தவர் யார், தூக்குபவர்கள் என்ன ஜாதி என்று அவர்களுக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். வழிநெடுகச் சாத்தியிருந்த கதவுகளின் பின்னாலிருந்து மனுஷர்கள் பார்த்துக்கொண்டிருப்பது தேவராஜனுக்குத் தெரியும். அவனே அப்படிப் பார்த்திருக்கிறான்.

பாரம் எப்போது அழுத்தப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். பத்து வீடு தாண்டியது. முதுகில் அந்த இடத்தில் வலி பிடுங்கப் போகிறது என்று எதிர்பார்த்தான். இருபது வீடு தாண்டியது. வலிக்கவில்லை. கோயில் வாசலைக் கடந்து திரும்பினபோது அவனுக்குச் சந்தேகம் வந்தது. தலையைச் சாய்த்துத் தோளைப் பார்த்தான்.

மூங்கிலுக்கும் அவன் தோளில் மடித்துப் போட்டிருந்த துணிக்கும் நடுவில் இரண்டு விரல் அளவு வெளிச்சம் தெரிந்தது.

பின்னால் பாக்கியநாதன் தன் இடத்தைவிட்டு நன்றாக முன்னுக்கு வந்திருந்தான். அந்தப் பக்கத்து மூங்கில் முழுவதையும் ஒரு தோளிலும் உயர்த்திய ஒரு கையிலுமாகத் தாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் மூக்கால் மூச்சு விட்டபடி, நேரே பார்த்து நடந்துவந்தான். முகத்தில் வேர்வை வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

"விடுங்கோ, நான் தாங்கறேன்" என்றான் தேவராஜன்.

"இருக்கட்டும் சாமி. நீங்க நடங்க."

தேவராஜன் தோளை உயர்த்தினான். குதிகாலைத் தூக்கி நடந்து பார்த்தான். பின்னால் அந்தக் கையும் கூடவே உயர்ந்தது. எட்டவில்லை. ஆற்றுக்குப் போகிற வழி இன்னும் ஒரு மைல் இருந்தது.